முதல் ரக்பி பூட்ஸ்: வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்க்ரமில், அதாவது இரண்டு அணிகளும் தோள் கோத்து ஒன்றையொன்று தள்ளும் கட்டத்தில், எட்டுப் பேர் எதிரே இருக்கும் எட்டுப் பேரைத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். முன்வரிசையில் ஒருவருடைய கால் வழுக்குகிறது. விழுவது அவர் ஒருவர் மட்டுமல்ல. அவர் தோளோடு தோள் கோத்து நிற்பவரும், பின்னாலிருந்து தள்ளுபவர்களும், எதிரணியின் முன்வரிசையும் சேர்ந்தே சரியும். கழுத்தும் தோளும் அடிபடக்கூடிய இடம் அது. ரக்பிக்குப் புதிதாக வருபவர்கள் பூட்ஸை உடையின் ஒரு பகுதியாகவே பார்க்கிறார்கள். அதைப் பாதுகாப்புச் சாதனமாகப் பார்க்க வேண்டும், பல்காப்பு எப்படியோ அப்படி.

முதல் தவறு கடைக்குப் போவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. 'இருக்கிற ஓட்டக் காலணி போதும், ஆட்டம் பிடித்தால் பிறகு வாங்கலாம்' என்ற கணக்குதான் அது. பந்தைக் கைமாற்றப் பழகும் முதல் ஒன்றிரண்டு நாள், காய்ந்த தரையில், யாரும் யாரையும் இடிக்காத பயிற்சியென்றால் சரி. டேக்கிள், அதாவது பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவது, தொடங்கியதும் அந்தக் காலணியைக் கழற்றிவிட வேண்டும். ஓட்டக் காலணி நேராக முன்னால் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. அதன் தடித்த மெத்தை குதிகாலைத் தரையிலிருந்து உயர்த்தி வைக்கிறது. பக்கவாட்டில் வெட்டித் திரும்பும்போது அந்த உயரமே கணுக்காலைப் புரட்டிவிடும். ஈரப்புல்லில் அதன் அடிப்பகுதிக்குப் பிடிப்பே கிடையாது.

இன்னும் சிலர் வேறு விளையாட்டுக்கு வாங்கிய, அடியில் முளைபோல் ஸ்டட்கள் துருத்தும் காலணியோடு வருவார்கள். பேஸ்பால் காலணிகளிலும் அமெரிக்கக் கால்பந்துக் காலணிகள் பலவற்றிலும் கட்டைவிரல் நுனிக்கு நேர் கீழே தனியாக ஒரு ஸ்டட் இருக்கும். ரக்பியில் அதற்கு அனுமதியில்லை. கீழே விழுந்து கிடப்பவர்களைத் தாண்டி மற்றவர்கள் காலெடுத்து வைக்கும் ஆட்டம் இது. நுனியில் துருத்தி நிற்கும் ஒற்றை ஸ்டட் ஒருவர் முகத்தில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஸ்டட்டின் நீளத்துக்கும் வரம்பு உண்டு: உலக ரக்பி அமைப்பின் விதிப்படி 21 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஓரங்களில் கூர்மையோ பிசிறோ இருக்கக் கூடாது. ஆட்டத்துக்கு முன் பூட்ஸின் அடியைக் காட்டச் சொல்லிப் பார்க்கவும், ஆபத்தானது என்று தோன்றினால் கழற்றச் சொல்லவும் நடுவருக்கு அதிகாரம் இருக்கிறது.

சாதாரணக் கால்பந்து பூட்ஸ் பற்றிய பயம்தான் தேவையற்றது. 'ரக்பி' என்று அச்சிட்டிருந்தால்தான் போடலாம் என்று நினைத்துப் பலர் இரட்டைச் செலவு செய்கிறார்கள். ஸ்டட் விதிக்குள் இருந்தால் கால்பந்து பூட்ஸோடு தாராளமாக ஆடலாம். ஓடியே பழகும் ஆட்டக்காரர்கள் பலர் அதைத்தான் அணிகிறார்கள். தள்ளும் வேலை உள்ளவர்களுக்கு அது ஏன் போதாது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

தரையைப் பார்க்காமல் வாங்குவது

நான் பார்த்தவரை மிகப் பெரிய தவறு இதுதான். மற்றவற்றைச் சமாளித்துக்கொள்ளலாம், இதைச் சமாளிக்க முடியாது. கடையில் நிறத்தையும் பிராண்டையும் பார்க்கிறோம். அந்தப் பூட்ஸ் எந்த மண்ணில் இறங்கப்போகிறது என்று கேட்டுக்கொள்வதில்லை. பெட்டியில் சிறிதாக எஸ்ஜி, எஃப்ஜி, ஏஜி என்று எழுதியிருக்கும். முறையே ஈரமான இளகிய தரை, உறுதியான தரை, செயற்கைப் புல்தரை. விலைச்சீட்டைப் படிப்பதற்கு முன் படிக்க வேண்டியது இந்த இரண்டெழுத்தை.

இளகிய தரைக்கான பூட்ஸில் கழற்றி மாட்டும் உலோக ஸ்டட்கள் இருக்கும். எண்ணிக்கையில் குறைவு, நீளம் அதிகம், ஒன்றுக்கொன்று இடைவெளியும் அதிகம். சேற்றுக்குள் ஆழமாக இறங்கிப் பிடிக்கவும், வெளியே வரும்போது சேறு ஒட்டாமல் உதிரவும்தான் இந்த அமைப்பு. இதையே வெயிலில் இறுகிய தரையில் போட்டுப் பாருங்கள். ஸ்டட் மண்ணுக்குள் இறங்காது, நீங்கள் அதன் மேல் பொய்க்கால் கட்டியதுபோல் நிற்பீர்கள். உடல் எடை முழுவதும் சில புள்ளிகளில் குவிந்து உள்ளங்காலைக் குத்தும். கணுக்கால் தள்ளாடும்.

உறுதியான தரைக்கான பூட்ஸில் அடிப்பகுதியோடு சேர்த்தே வார்த்த பிளாஸ்டிக் ஸ்டட்கள் இருக்கும். குட்டையானவை, எண்ணிக்கையில் கூடுதல். காய்ந்த, அல்லது லேசாக ஈரமான புல்லுக்கு இது மிகப் பொருத்தம். மழைக்குப் பிந்தைய சேற்றில் ஸ்டட்களுக்கு நடுவே மண் அடைத்துக்கொள்ள, அடிப்பகுதி வழவழப்பான பலகையாகிவிடும். ஸ்டட் இருந்தும் இல்லாத நிலை.

செயற்கைப் புல்லில் ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. அங்கே பிரச்சினை வழுக்குவது அல்ல, அளவுக்கு மீறிப் பிடிப்பது. நீளமான ஸ்டட் இழைகளுக்குள் சிக்கி, கால் நட்ட இடத்திலேயே நிற்க உடம்பு மட்டும் திரும்பினால், அந்த முறுக்கு முழுவதும் முழங்காலின் தசைநாருக்குப் போகும். அதனால்தான் ஏஜி பூட்ஸில் குட்டையான ஸ்டட்கள் நிறைய இருக்கும். பல செயற்கை மைதானங்களில் உலோக ஸ்டட்டை உள்ளேயே விட மாட்டார்கள். வீழ்த்தாமல் தொட்டாலே போதும் என்ற டச் ரக்பி ஆடப் போகிறவர்களும் கவனிக்க வேண்டும்: திருகி மாட்டும் ஸ்டட்டுக்கு அந்த ஆட்டத்தின் விதியிலேயே இடமில்லை.

ஒரே ஒரு ஜோடிதான் வாங்க முடியும் என்றால்? நீங்கள் அடிக்கடி பயிற்சி செய்யும் தரை எதுவோ, அதற்கு வாங்குங்கள். எப்போதாவது வரும் போட்டி நாளுக்காக வாங்காதீர்கள். எதிலும் சேராத நடுத்தரமான புல்தரை என்றால் எஃப்ஜிதான் என் தேர்வு.

'பெரிதாக இருந்தால் பரவாயில்லை'

அன்றாடக் காலணியில் கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரலகலம் இடம் விட்டுப் பழகியிருக்கிறோம். பூட்ஸில் அவ்வளவு இடம் கூடாது. நகம் முன்சுவரில் இடிக்காத அளவுக்கு, அரைக் கட்டைவிரல் அகலத்துக்கும் குறைவாக இருந்தால் போதும். அதிகம் இருந்தால் திடீரென நிற்கும்போது பாதம் உள்ளே முன்னோக்கிச் சறுக்கும், நகம் கறுக்கும், குதிகாலில் கொப்புளம் வரும். ஸ்க்ரமில் நீங்கள் தள்ளும் பலம் தரைக்குப் போகாமல் பூட்ஸுக்குள்ளேயே வீணாகும்.

நீளம் சரியாக இருந்தும் அகலம் தவறுவதுதான் இன்னும் அதிகம். அகன்ற பாதம் உள்ளவர்கள் குறுகலான பூட்ஸ் கிடைத்தால் ஒரு எண் பெரிதாக வாங்கிவிடுகிறார்கள். அதனால் அகலப் பிரச்சினை பாதிதான் தீரும், நீளப் பிரச்சினை புதிதாகப் பிறக்கும். எண்ணை மாற்றாதீர்கள், மாடலை மாற்றுங்கள். தோல் பூட்ஸ் நாளடைவில் கால் வாகுக்கு இளகிக்கொடுக்கும். செயற்கைப் பொருளில் செய்தது அவ்வளவு இளகாது. கடையில் கடித்தால் மைதானத்திலும் கடிக்கும்.

மாலையில் போய்ப் போட்டுப் பாருங்கள். நாள் முழுக்க நடந்த பிறகு பாதம் சற்று வீங்கியிருக்கும், ஆட்டத்தின் நடுவிலும் அப்படித்தான் இருக்கும். ஆடும்போது அணியும் தடித்த சாக்ஸைக் கையோடு கொண்டுபோக வேண்டும். இரண்டு கால்களிலும் போட்டு, லேஸை முழுதாகக் கட்டி, நுனிக்காலில் எழும்பி, முழங்காலை மடக்கி, ஸ்க்ரமுக்குக் குனிவதுபோல் குனியுங்கள். குதிகால் மேலே நழுவினால் அந்த ஜோடி வேண்டாம். கடையில் யாராவது பார்ப்பார்களே என்ற கூச்சம் வேண்டியதில்லை.

ஆடும் இடத்தை மறப்பது

1 முதல் 8 வரை எண் அணிபவர்கள் முன்கள வீரர்கள். 9 முதல் 15 வரை பின்களத்தார். ஸ்க்ரமின் முன்வரிசையில் நிற்கும் ப்ராப், ஹூக்கர், அவர்களுக்குப் பின்னால் நிற்கும் லாக் ஆகியோருக்குத் தள்ளுவதே முதல் வேலை. அவர்களுக்காகச் செய்யப்படும் பூட்ஸ் கனமாக, விறைப்பான அடியோடு, முன்னால் ஆறும் குதிகாலில் இரண்டுமாக எட்டு ஸ்டட்களோடு வரும். மெல்லிய கால்பந்து பூட்ஸ் இங்கேதான் தோற்கிறது: அடி வளைகிறது, பக்கங்கள் பிதுங்குகின்றன, ஒருவர் காலை மிதித்தால் காப்பும் குறைவு. பின்களத்தில் ஓடும் விங், ஃபுல்பேக் போன்றோருக்கு எடை குறைந்த பூட்ஸ் நல்லது. ஸ்க்ரமின் ஓரங்களில் நிற்கும் ஃப்ளாங்கர்களும் கடைசியில் நிற்கும் எட்டாம் எண்காரரும் தள்ளவும் வேண்டும், ஓடவும் வேண்டும், ஆகவே இரண்டுக்கும் நடுவில்.

ஆனால் ஆட்டத்துக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாதவருக்குத் தன் இடம் எதுவென்று எப்படித் தெரியும்? பயிற்சியாளரே பல இடங்களில் நிறுத்திப் பார்ப்பார். அதுவரை எந்த இடத்துக்கென்றும் இல்லாத நடுத்தர ஜோடி போதும். தனக்குப் பிடித்த சர்வதேச வீரர் அணிகிறார் என்பதற்காக இறகுபோல் எடை குறைந்த பூட்ஸை வாங்கிவிட்டு ப்ராப்பாக நிற்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கஷ்டப்படும்.

உயரமாகக் கணுக்காலை மூடும் பூட்ஸ் சுளுக்கைத் தடுத்துவிடும் என்று நம்பியும் ஏமாற வேண்டாம். ஓரளவு தாங்கும், அவ்வளவுதான். கணுக்காலைக் காப்பது அதைச் சுற்றியுள்ள தசையின் பலமும் சமநிலைப் பயிற்சியும்.

குழந்தைகளுக்கு வாங்கும்போது 'வளர்கிற கால்தானே' என்று இரண்டு எண் பெரிதாக வாங்குவது இயல்பு. பெற்றோரின் கஷ்டம் புரிகிறது. ஆனாலும் தளர்ந்த பூட்ஸோடு ஓடும் குழந்தை தடுக்கி விழும், ஆட்டத்தையே வெறுக்கும். பெரிய குழந்தைகளுக்குச் சிறிதாகிப்போன நல்ல நிலையிலுள்ள ஜோடியைக் கேட்டு வாங்குவது இதைவிட மேல். பெரியவர்கள் பழைய பூட்ஸ் வாங்குவதை நான் ஆதரிக்கவில்லை, அது முந்தைய காலின் வாகுக்கு அழுந்தியிருக்கும். வளரும் வயதில் குழந்தை குதிகால் வலி என்று சொன்னால் பழகிவிடும் என்று விடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வளரும் எலும்பில், மெத்தையில்லாத தட்டையான பூட்ஸ் அந்த வலியைக் கூட்டக்கூடும்.

வாங்கிய பிறகு

புது ஜோடியோடு நேரே போட்டிக்குப் போகாதீர்கள். முதலில் புல்லில் அரைமணி நடை, பிறகு லேசான ஓட்டம், அடுத்த பயிற்சியில் முழுதாக. ஈரமான பூட்ஸுக்குள் செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவையுங்கள். அடுப்பருகிலோ ஹீட்டர் மேலோ வைத்தால் தோல் வெடிக்கும், பசை விடும்.

கழற்றி மாட்டும் ஸ்டட்களை ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் அதற்கான சாவியால் இறுக்குங்கள். ஒன்று கழன்று விழுந்தால் கால் ஒருபக்கம் சாயும், ஸ்டட் இல்லாத திருகு துளையில் மண் இறுகி மறுபடி மாட்டவும் விடாது. உடைமாற்றும் அறையிலிருந்து மைதானம் வரை சிமெண்ட் தரையில் அந்தப் பூட்ஸோடு நடந்து போகாதீர்கள். உலோக ஸ்டட்டின் ஓரம் தேய்ந்து கத்திபோல் பிசிறெடுப்பது அந்த நடையில்தான். செருப்போடு புல் வரை போய் அங்கே பூட்ஸை மாட்டிக்கொள்ளலாம். மாட்டும் முன் ஒவ்வொரு ஸ்டட்டின் விளிம்பிலும் விரலை ஓட்டிப் பாருங்கள். விரலை உறுத்துகிற ஸ்டட்டை அன்றே மாற்றிவிடுங்கள்.