ரயில் கதவு மூடினால் கதை முடிந்துவிடுமா? இளவயது ஏக்கத்தை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் இளைஞன் எம்ஆர்டி ரயிலில் ஒரு பெண்ணைப் பார்க்கிறான். அவளும் பார்க்கிறாள். இரண்டு மூன்று நிலையங்கள் கடக்கின்றன. அவள் இறங்குகிறாள், கதவு மூடுகிறது, ரயில் நகர்கிறது, அவன் மனம் மட்டும் அந்த நிலையத்திலேயே நின்றுவிடுகிறது. சிங்கப்பூரில் எந்தச் சிறுகதைப் பயிலரங்குக்குப் போனாலும் இந்தக் கதை ஏதாவது ஒரு வேடத்தில் மேசைக்கு வந்துவிடும். ரயிலுக்குப் பதில் பேருந்து, மின்தூக்கி, தைப்பூசக் கூட்டம் என்று இடம் மாறும். எழுதுபவருக்குப் பதினெட்டு வயதும் இருக்கலாம், அறுபதும் இருக்கலாம். கருவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஒரு முறை பார்த்த முகத்தை ஆண்டுக்கணக்கில் சுமந்து திரிவது யாருக்கும் நடக்கக்கூடியதுதான். சொதப்புவது எழுதும் விதத்தில், அதுவும் பெரும்பாலும் அதே சில இடங்களில்.

முதலும் பெரியதுமான தவறு, பிரிவுக்கான பழியை விதியின் தலையில் போடுவது. கதவு மூடிவிட்டது, அவள் போய்விட்டாள். சரி, அப்புறம்? உச்ச நேரத்தில் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ரயில் வருகிற ஊர் இது. அடுத்த நிலையத்தில் இறங்கி எதிர்ப்பக்க ரயிலைப் பிடித்தால், சில நிமிடங்களில் இவன் அவள் இறங்கிய நிலையத்தில் போய் நிற்கலாம். நின்றாலும் பிடிக்க முடியவில்லை என்று வையுங்கள். கிழக்கிலிருந்து மேற்குக்குச் சுமார் 50 கிலோமீட்டர்தான் இந்தத் தீவு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு. இந்தச் சின்ன வட்டத்துக்குள் ஒரு பெண்ணின் பள்ளிச் சீருடையைப் பார்த்தாலே எந்தப் பள்ளி என்று தெரிந்துவிடும். அந்தப் பள்ளியில் யாருடைய மாமா மகளோ படிப்பாள். இல்லையென்றால் பீட்டி சாலையிலுள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தில் அவளோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்த யாராவது கிடைப்பார்கள். ராத்திரிக்குள் இன்ஸ்டாகிராமில் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஊர்விட்டு ஊர் போகும் ரயிலுக்கு, பார்த்தவரைப் பிரித்துவிடும் சக்தி உண்டு. விழுப்புரத்தில் இறங்கியவரை எங்கே போய்த் தேடுவது? நம் ரயிலுக்கு அந்தச் சக்தி கிடையாது. இங்கே யாரும் தொலைந்துபோவதில்லை. ஆகவே கதவு மூடும் இடத்தில் கதையை முடித்தால், அவன் ஏன் இறங்கவில்லை, ஏன் தேடவில்லை என்று வாசகர் கேட்பார். அந்தக் கேள்விக்கான பதில்தான் நீங்கள் எழுத வேண்டிய கதை.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஞாயிறு மாலை, பாசிர் ரிஸ் போகும் ரயில். மொட்டைத் தலையோடு, தேசிய சேவை என்னும் கட்டாய இராணுவப் பணியில் இருக்கும் ஒரு பையன். பாசிர் ரிஸ்ஸில் இறங்கி, பேருந்து பிடித்து, சாங்கி படகுத்துறைக்குப் போய், பயிற்சி முகாம் இருக்கும் தேக்கோங் தீவுக்குப் படகேற வேண்டும். குறித்த நேரத்துக்குள் முகாமுக்குத் திரும்பி புக்-இன் செய்யாவிட்டால் தண்டனை. எதிரே இருப்பவள் அவன் தலையைப் பார்த்துச் சிரிப்பை அடக்குகிறாள். அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். தெம்பனிஸில் இறங்குகிறாள். அது பாசிர் ரிஸ்ஸுக்கு முந்தின நிலையம்.

பலர் இந்த இடத்தில் இராணுவத்தை வில்லனாக்கி முடித்துவிடுவார்கள். அப்படிச் செய்யாமல் அவன் கையில் நாற்பது நிமிடத்தைக் கொடுத்துப் பாருங்கள். நேரமாகிவிடும் என்று அம்மா சீக்கிரமே விரட்டிவிட்டதால் மிஞ்சிய நாற்பது நிமிடம். அவன் தாராளமாகத் தெம்பனிஸில் இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. பேருந்துக்கு எவ்வளவு, படகுக்கு எவ்வளவு என்று மனத்துக்குள் கணக்குப் போடுகிறான். கணக்கு எப்படிப் போட்டாலும் நேரம் மிச்சம் வருகிறது. கடைசியில் பாசிர் ரிஸ்ஸில் ஒரு பர்கர் கடையில் உட்கார்ந்து, பசிக்காமலேயே உருளைக்கிழங்கு வறுவல் தின்று அந்த நாற்பது நிமிடத்தையும் கழிக்கிறான். இப்போது அவன் யாரென்று நமக்குத் தெரிகிறது. அவள் யாரென்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

இதை ஒட்டிய இன்னொரு தவறு, இரண்டாவது சந்திப்பைத் திருப்பமாக வைப்பது. “மூன்று மாதம் கழித்து, தீபாவளிச் சந்தையில்… அதே கண்கள்!” இங்கே என்ன ஆச்சரியம்? தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேன் பக்கம் போனால், பார்க்க விரும்பாதவர்களையும் சேர்த்து எல்லாரையும் பார்த்துவிடலாம். மறுபடி சந்திப்பதுதான் இங்கே இயல்பு. சந்திக்காமலே போனால் அதற்குத்தான் காரணம் சொல்ல வேண்டும்.

காரணம் வேண்டுமென்றால் தேடி அலைய வேண்டியதில்லை, பேருந்து நிறுத்தத்திலேயே நிற்பார்: ஏதோ ஓர் ஆன்ட்டி. அம்மாவோடு கோயிலில் கோலாட்டம் பழகியவர், அல்லது பழைய அடுக்குமாடி புளோக்கில் எதிர் வீட்டுக்காரர். சிராங்கூன் சாலையில் இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் ஐந்து நிமிடம் சேர்ந்து நின்று பேசினால், வீடு போய்ச் சேருமுன் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். இந்த ஊர்த் தமிழ் இளமையின் மிகப் பெரிய நெருக்கடி இது. ஆனால் நம் கதைகளில் காதலர்களுக்கு நடுவே சாதி வரும், மதம் வரும், புற்றுநோய்கூட வரும். ஆன்ட்டி மட்டும் வரமாட்டார். அவர் எதுவும் செய்ய வேண்டாம். “யாரும்மா அது, கூடப் படிக்கிற பையனா?” என்று கேட்டுவிட்டுப் பேருந்து ஏறிப் போனால் போதும்.

வருணனையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மான்விழி, மல்லிகை, காற்றில் ஆடும் கூந்தல், இவற்றை எழுதினால் நீங்கள் யாரையும் பார்க்கவில்லை என்று அர்த்தம். பார்ப்பவன் யாரோ அதற்கேற்ப ஒரே ஒரு விஷயம் கண்ணில் படட்டும். செருப்புக் கடையில் பகுதிநேரம் வேலை செய்யும் பையனுக்கு அவள் குதிகாலில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டர்தான் முதலில் தெரியும்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு வேலை இருக்கட்டும். பெரும்பாலான கதைகளில் அவள் எங்கே போகிறாள் என்று எழுதியவருக்கே தெரியாது. பார்க்கப்படுவதற்காக ரயிலேறியவள்போல உட்கார்ந்திருப்பாள். அவள் பாட்டியின் மருந்துச் சீட்டோடு பலதுறை மருந்தகத்துக்குப் போகலாம், டியூஷனைத் தட்டிக் கழித்துவிட்டுச் சும்மா சுற்றலாம், முந்தின நாள் யாரிடமோ “வேண்டாம்” என்று சொல்லிவிட்டு அந்த நினைப்பில் இருக்கலாம். அதை வாசகரிடம் சொல்ல வேண்டியதில்லை. எழுதுபவருக்குத் தெரிந்திருந்தால், அவள் கைபேசியைப் பார்க்கும் விதமும் எழுந்து நிற்கும் விதமும் மாறும். ஏங்குவது பெண்ணாகவும் பார்க்கப்படுவது ஆணாகவும் இருக்கும் கதைகள் ஏன் இவ்வளவு குறைவு என்பது தனி வழக்கு. அதை இங்கே எடுக்கவில்லை.

ஒருதலை ஏக்கத்தை நம் இலக்கணம் அந்தக் காலத்திலேயே கைக்கிளை என்று தனியாக வைத்தது. முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் ஆகிய நான்கு திணைகளுக்கு நிலம் பிரித்துக் கொடுத்த தொல்காப்பியம், கைக்கிளைக்கு நிலம் எதுவும் ஒதுக்கவில்லை. நம் கதைகளும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இலக்கணத்தை அப்படியே பின்பற்றுகின்றன! எந்த ஊரில் நடக்கிறது என்றே தெரியாமல் மிதக்கின்றன. நிலையத்தின் பெயரை மாற்றினால் கோலாலம்பூர், இன்னும் கொஞ்சம் மாற்றினால் சென்னை.

மழையை எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் மழைக்கு ஒதுங்கி ஒரே மரத்தடியில் நிற்கும் காட்சியை இங்கே எழுதுவது சிரமம். எம்ஆர்டி நிலையத்தைச் சுற்றி 400 மீட்டர் வரை, பள்ளிக்கும் மருந்தகத்துக்கும் கூரை போட்ட நடைபாதை வந்துவிட்டது. புளோக்கிலிருந்து புளோக்குக்கு நனையாமலே நடக்கலாம். அப்படியானால் மழை எங்கே ஆட்களை நிறுத்தும்? கூரை முடிகிற இடத்தில். சாலையைக் கடக்க வேண்டும், பச்சை மனிதன் விளக்கு வந்தும் யாரும் அடியெடுத்து வைப்பதில்லை, பத்துப் பதினைந்து பேர் வானத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், ஒருத்தியிடம் மட்டும் குடை இருக்கிறது. அந்த நெரிசலில் தோள் உரசாமல் நிற்பதற்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்று எழுதினால் இரண்டு பக்கம் ஓடும். காலைப் பள்ளி நேரமென்றால் சுமத்திரா காற்றோடு வரும் மழை. அடித்துக் கொட்டிவிட்டுச் சீக்கிரம் ஓய்ந்துவிடும். உங்கள் கதைக்கும் அவ்வளவு நேரம்தான் கிடைக்கும்.

காலம் குழம்புவது நினைவுக் கதைகளில். “அன்று எனக்கு வயது பத்தொன்பது” என்று தொடங்கும்போதே எனக்குக் கொஞ்சம் பயம் வரும். 1990இல் கதாநாயகன் லிட்டில் இந்தியா எம்ஆர்டியில் இறங்குவான். அந்த நிலையம் திறந்ததே 2003இல்தான். ஈசி-லிங்க் பயண அட்டையைத் தட்டிவிட்டுப் போவான். அது வந்தது 2002. முதல் எம்ஆர்டி ரயிலே 1987 நவம்பரில்தான், இயோ சூ காங்குக்கும் தோ பாயோவுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. தேசிய சேவை 2004 டிசம்பருக்கு முன் பலருக்கு இரண்டரை ஆண்டு. கதையில் இரண்டே ஆண்டில் திரும்பி வந்து, அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதைத் தெரிந்துகொள்வான்.

இதெல்லாம் தப்புக் கண்டுபிடிக்கும் குணம் என்று நினைக்கலாம். ஆனால் சரியான தகவல் கதைக்கே உதவும். பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் முன்பெல்லாம் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது, சில மாடிகளில்தான் நிற்கும். அதைச் சரிசெய்யும் மேம்பாட்டுத் திட்டம் 2001இல்தான் தொடங்கியது. அதற்கு முன் ஏழாம் மாடிக்காரர் ஐந்தில் இறங்கி இரண்டு மாடி ஏற வேண்டும், அல்லது ஒன்பதில் இறங்கி இரண்டு மாடி இறங்க வேண்டும். ஆறாம் மாடிப் பெண் எப்போதும் ஐந்தில் இறங்குவாள். ஏழாம் மாடிப் பையனுக்கு ஒன்பது, ஐந்து, எதில் இறங்கினாலும் தூரம் ஒன்றுதான். அவளோடு ஐந்தில் இறங்கிப் பின்னாலேயே ஒரு மாடி ஏறலாமா என்பதை அவன் ஒவ்வொரு சாயங்காலமும் பொத்தானை அழுத்துமுன் முடிவுசெய்தாக வேண்டும். இதைவிட நல்ல ஏக்கக் கதை எனக்குத் தோன்றவில்லை. இன்றைய மின்தூக்கியில் இந்தக் கதை நடக்காது.

வெளிநாட்டு ஊழியர்களைப் பற்றிய கதைகளில் தவறு வேறு மாதிரி. தமிழ்நாட்டிலிருந்து வந்த இளைஞரை எழுதும்போது கை தானாகவே பரிதாபத்தை அள்ளித் தெளிக்கும். கடன், அம்மாவின் கண்ணீர், விடுதிக் கட்டில், கடைசி வரியில் ஒரு பெருமூச்சு. அவருக்கும் இருபத்து மூன்று வயதுதான், அவருக்கும் ஆசை வரும் என்பது மறந்துவிடும். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர் சிங்கப்பூரரையோ நிரந்தரவாசியையோ மணக்க மனிதவள அமைச்சின் அனுமதி வேண்டும். அந்த விதியைக் கதைக்குள் ஒரு பத்தியாக எழுதிப் பாடம் நடத்த வேண்டாம். அது அவருக்குத் தெரியும், அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அந்த வித்தியாசத்தை வைத்தே கதையை நகர்த்தலாம். அவர் பார்க்கும் கோணத்தையும் யோசியுங்கள். லாரியின் பின்னால் உட்கார்ந்திருப்பவர் வண்டி போகும் திசையைப் பார்ப்பதில்லை, விட்டுவந்த சாலையைப் பார்த்துக்கொண்டு போகிறார். சிவப்பு விளக்கில் பின்னால் வந்து நிற்கும் மாடிப் பேருந்தின் மேல்தள முன்னிருக்கையில் ஒருத்தி. அவள் கீழே பார்க்க வேண்டும், அவர் அண்ணாந்து பார்க்க வேண்டும், இருவருக்கும் நடுவே ஒரு பெரிய கண்ணாடி. அவர் முகத்தைத் துடைத்துக்கொள்வாரா, தலைக்கவசத்தைக் கழற்றுவாரா, பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்புவாரா? பரிதாபத்துக்கு இங்கே வேலையே இல்லை.

கடைசியாக உரையாடல். பாலிடெக்னிக் பையன் “தங்கள் திருநாமம் யாதோ” என்கிற அளவுக்குப் போகாவிட்டாலும், “நீ எங்கே வசிக்கிறாய்?” என்று கேட்கும் கதைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. நிஜத்தில் அவன் ஆங்கிலத்தில்தான் தொடங்குவான். முகம் தெரியாதவரிடம் எடுத்த எடுப்பில் தமிழில் பேச இங்கே பிள்ளைகளுக்குக் கூச்சம், எதிராளி தமிழா என்ற சந்தேகமும் உண்டு. அவள் போனை எடுத்து “அம்மா, பஸ் ஏறிட்டேன்மா, சாதம் மட்டும் வச்சிருங்க” என்று சொல்லும்போதுதான் அந்தச் சந்தேகம் தீரும். எந்த வரியில் பேச்சு தமிழுக்கு மாறுகிறது, மாற்றியது யார் என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள். மாறியபின் அவன் “நீங்க” என்பானா “நீ” என்பானா என்பதற்கும் ஒரு வரி செலவு செய்யலாம். அப்புறம், சிங்கப்பூர்ப் பேச்சில் வாக்கியக் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் அந்த “லா”. உள்ளூர் வாசனைக்காக வாக்கியத்துக்கு ஒன்று தூவுகிறார்கள். வெட்கத்தில் இருக்கிறவனுக்கு அது அவ்வளவு லேசில் வாயில் வராது, நண்பர்களிடம் திரும்பியபின் தாராளமாக வரும். அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.