ஆடு புலி, சுண்டல், பறக்கும் ரயில்: பிள்ளையோடு முதல் நான்கு சனிக்கிழமைகள்

குழந்தைகள் இல்லத்தில் வளரும் ஒரு பிள்ளைக்கு வழிகாட்டியாக இருக்க ஒப்புக்கொண்டு பெயர் கொடுத்துவிட்டீர்கள். பயிற்சி வகுப்பும் முடிந்துவிட்டது. சனிக்கிழமை நான்கு மணிக்கு இல்லத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை இரவு படுத்தால் ஒரே கவலைதான் வரும்: இரண்டு மணி நேரம் அந்தப் பிள்ளையோடு என்ன செய்வது?

நான் முதல் நாள் கேள்விகளைத் தயாரித்துக்கொண்டு போனேன். என்ன படிக்கிறாய், எந்தப் பாடம் பிடிக்கும், பெரியவனாகி என்னவாகப் போகிறாய். பத்து வயதுப் பையன். மூன்றுக்கும் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டு, சுவரோரம் போய்க்கொண்டிருந்த எறும்பு வரிசையைப் பார்க்கத் தொடங்கிவிட்டான். அதுவரை அவனிடம் கேள்வி கேட்ட பெரியவர்களில் பாதிப் பேர் கையில் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று இருந்திருக்கும். நானும் அவர்களில் ஒருத்தியாகத்தான் அவனுக்குத் தெரிந்திருப்பேன்.

அடுத்த வாரம் கேள்விகளை வீட்டிலேயே விட்டுவிட்டுச் சாக்கட்டியும் புளியங்கொட்டையும் எடுத்துப் போனேன். கைக்கு ஒரு வேலை இருந்தால் பேச்சு தன் நேரத்தில் வருகிறது. கீழே சொல்லியிருப்பவை எல்லாம் அந்த ஒரு அனுபவத்திலிருந்து தொடங்கியவை.

புறப்படுவதற்கு முன்

பையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: நாற்பது பக்க நோட்டு ஒன்று, பென்சில், சாக்கட்டி, பதினைந்து புளியங்கொட்டை, மூன்று சோடா மூடி, தண்ணீர் பாட்டில். விலை உயர்ந்த பரிசு எதுவும் வேண்டாம். முதல் வாரம் ரிமோட் கார் வாங்கிக்கொடுத்தால், அடுத்த வாரம் பிள்ளையின் கண் உங்கள் முகத்தைப் பார்க்காது, பையைத்தான் பார்க்கும். அதே இல்லத்தில் வழிகாட்டி கிடைக்காத மற்றப் பிள்ளைகளும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பொறுப்பாளரின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் வெளியே அழைத்துப் போகாதீர்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதையும் எழுதிக் கொடுங்கள். நாலு பேர் பார்வையில் இருக்கும் இடத்திலேயே உட்காருங்கள். பிள்ளையின் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கூடப் போடாதீர்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் தடை செய்கிறது. தனக்கு நடக்கும் கொடுமையைப் பிள்ளை உங்களிடம் சொன்னால், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அன்றே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். பாலியல் கொடுமை என்றால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, இரவு பகல் எந்நேரமும் இயங்கும். கைபேசியில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள்.

முதல் சனிக்கிழமை: ஆடு புலி ஆட்டம்

சிமெண்டுத் தரை போதும். சாக்கட்டியைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் சொல்லச் சொல்ல அவன் வரையட்டும்.

மேலே ஒரு புள்ளி. அதிலிருந்து கீழ்நோக்கி நான்கு கோடுகள், விசிறிபோல விரிந்து வரவேண்டும். நான்கின் அடிநுனிகளையும் ஒரு படுக்கைக் கோட்டால் இணைத்தால் கூடாரம் மாதிரி ஓர் உருவம் வரும். இப்போது உச்சிக்கும் அடிக்கோட்டுக்கும் நடுவே மூன்று படுக்கைக் கோடுகள் போடவேண்டும். இவை கூடாரத்தோடு நிற்காமல் இரு பக்கமும் வெளியே கொஞ்சம் நீளட்டும். நீண்ட நுனிகளை இடப்பக்கம் ஒரு செங்குத்துக் கோட்டாலும் வலப்பக்கம் ஒரு செங்குத்துக் கோட்டாலும் சேர்த்துவிடுங்கள். கோடுகள் சந்திக்கும் இடங்களை எண்ணச் சொல்லுங்கள். உச்சியில் ஒன்று, நடுக்கோடு ஒவ்வொன்றிலும் ஆறு, அடியில் நான்கு, ஆக 23 வரவேண்டும். குறைந்தால் எந்தக் கோடு தப்பாக விழுந்தது என்று இருவரும் தேடுங்கள்.

மூன்று சோடா மூடிகள் புலிகள். பதினைந்து புளியங்கொட்டைகள் ஆடுகள். ஊருக்கு ஊர் விதி கொஞ்சம் மாறும். நாங்கள் ஆடுவது இப்படி. உச்சியில் ஒரு புலி, முதல் படுக்கைக் கோட்டில் உச்சிக்கு நேர் கீழே உள்ள நடு இரண்டு புள்ளிகளில் மற்ற இரண்டு. ஆட்டுக்காரர் ஒரு முறைக்கு ஓர் ஆடு வைப்பார், புலிக்காரர் ஒரு புலியைப் பக்கத்துப் புள்ளிக்கு நகர்த்துவார். பதினைந்தும் இறங்கிய பிறகுதான் ஆடுகள் நகரலாம். பக்கத்தில் ஆடு இருந்து, அதே நேர்கோட்டில் அடுத்த புள்ளி காலியாகவும் இருந்தால், புலி தாண்டிக் குதித்து அந்த ஆட்டைப் பிடித்துவிடும். புலி மூன்றும் நகர இடமின்றி அடைபட்டால் ஆட்டுக்கு வெற்றி. ஆறு ஆடுகள் போனால் புலிக்கு வெற்றி என்று நாங்கள் வைத்துக்கொண்டோம்.

வேண்டுமென்றே தோற்காதீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அது உடனே தெரிந்துவிடும். தன்னைச் சின்னக் குழந்தையாக நினைக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு சுருங்கிவிடுவான். புலியா ஆடா என்று அவனே தேர்ந்தெடுக்கட்டும், அடுத்த ஆட்டத்தில் பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள். தவறான நகர்வுக்கு ஆளுக்கு ஒரு முறை திரும்பப் பெறும் உரிமை வைத்துக்கொண்டால் அழுகை வராது.

மூன்றாவது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அவன் புலி. வலது ஓரத்தில் என் ஆடுகள் இரண்டு ஒட்டி நின்றன, வழி இல்லை. சோடா மூடியை ஒரு விரலால் அழுத்திப் பிடித்தபடி, கோடுகளிலிருந்து கண்ணை எடுக்காமலே, "வகுப்பில் என் இடத்தை மாற்றிவிட்டார்கள், அக்கா" என்றான். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஓர் ஆட்டை வைத்துவிட்டு, "இப்போது பக்கத்தில் யார்?" என்று மட்டும் கேட்டேன். கூட்டாளியைப் பிரித்துக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டதை, ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு வாக்கியமாகச் சொல்லி முடித்தான். எதிரெதிரே நாற்காலி போட்டுக் கேட்டிருந்தால் அது வந்திருக்காது. தரையில் உட்கார்ந்து இருவரும் ஒரே கோலத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் வந்தது. அப்படி ஏதாவது வரும்போது அறிவுரை சொல்லாதீர்கள், ஆட்டத்தையும் நிறுத்தாதீர்கள்.

இரண்டாவது சனிக்கிழமை: அடுப்பில்லாத சுண்டல்

மெரினாவில் விற்கும் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல்தான். பெரும்பாலான இல்லங்களில் வெளியார் அடுப்பைத் தொட அனுமதி கிடைக்காது, அதனால் வேகவைக்கும் வேலையை வீட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் காய்ந்த வெள்ளைப் பட்டாணியை இரவே ஊறப்போட்டு, காலையில் உப்புச் சேர்த்துக் குக்கரில் இரண்டு மூன்று விசில் விடுங்கள். விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும், தானாகக் குழையக் கூடாது. தண்ணீரை வடித்துவிட்டு டப்பாவில் எடுத்துப் போங்கள். நம் ஊர் வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும் என்பதால் நெடுநேரம் வெளியே வைக்க வேண்டாம்.

மாங்காயைத் துருவுவது பிள்ளையின் வேலை. தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறுவதும் வெங்காயம் அரிவதும் உங்கள் வேலை. மிளகாய்த்தூள், உப்பு, எலுமிச்சை எவ்வளவு என்பதை அவனே ருசி பார்த்து முடிவு செய்யட்டும்.

இதில் உண்மையான வித்தை பொட்டலம் மடிப்பது. செய்தித்தாள் வேண்டாம், மை உணவில் ஒட்டும், வெள்ளைத்தாள் போதும். தாளைக் குறுக்கே பாதியாகக் கிழித்து, நீள விளிம்பின் நடுப்பகுதியை நுனியாகப் பிடித்துக்கொண்டு கூம்பாகச் சுருட்டி, கீழ் நுனியை மேல்நோக்கி மடித்து அழுத்த வேண்டும். அவனுடைய முதல் மூன்று பொட்டலங்களும் கை எடுத்ததும் வாய் பிளந்து விரிந்துவிட்டன. நான்காவதில் நுனியை இரண்டு மடிப்பாக மடித்து, கட்டைவிரல் நகத்தால் தாளில் கோடு விழும்படி தேய்த்தான். அது நின்றது. அதன் பிறகு என்னைத் தொடவே விடவில்லை. பதினோரு பொட்டலம் மடித்து மற்றப் பிள்ளைகளுக்கு விநியோகம் செய்தான். சமையல்கார அம்மா ஒன்றை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு உப்பு போதாது என்றார். உப்பு டப்பாவோடு அவர் பின்னாலேயே ஓடினான்.

மூன்றாவது சனிக்கிழமை: மூன்று ஸ்டேஷன் பயணம்

முதல் பயணம் நீளமாக இருக்கக் கூடாது. சென்னையில் திருமயிலை ஸ்டேஷனில் பறக்கும் ரயில் (மேம்பாலப் பாதையில் ஓடும் ரயில்) ஏறினால் மந்தைவெளி, பசுமைவழிச் சாலை, மூன்றாவது கோட்டூர்புரம். இவ்வளவுதான். டிக்கெட் கவுண்டரில் பிள்ளையே பணம் கொடுத்து, மீதியை எண்ணி வாங்கட்டும். பின்னால் வரிசை நீண்டாலும் அவசரப்படுத்தாதீர்கள்.

போவதற்கு முன் நோட்டில் ஒரு நீளக்கோடு போட்டு நான்கு ஸ்டேஷன் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு இடைவெளியிலும் ஜன்னலில் பார்த்த ஒரே ஒரு பொருளை அவன் வரைய வேண்டும். மொட்டை மாடியில் காயும் வடாம், தண்ணீர்த் தொட்டி, கால்வாய், எதுவாகவும் இருக்கலாம். கோட்டூர்புரம் வருவதற்குச் சற்று முன் ரயில் அடையாற்றைத் தாண்டும், அதற்குப் பென்சிலைத் தயாராக வைத்திருக்கட்டும். நடைமேடையில் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சில ஸ்டேஷன்களில் மாலைக்கு மேல் ஆள் நடமாட்டம் குறைவு, அதனால் இருட்டும் முன் திரும்பிவிடுங்கள்.

அங்கிருந்து அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு நடந்தே போய்விடலாம். 2010இல் திறந்த அந்த நூலகத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. புத்தகத்தைப் பிள்ளையே எடுக்கட்டும், படங்கள் மட்டும் உள்ள புத்தகமாக இருந்தாலும் சரி. ஐந்தாம் வகுப்புப் படித்தும் சரளமாக வாசிக்க வராத பிள்ளைகள் உண்டு. அதை மறைக்க அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். வாசித்துக் காட்டு என்று சொல்லாதீர்கள். ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் அவன், வேண்டாமென்றால் தன் முறையை விட்டுவிடலாம் என்று சொல்லிவிடுங்கள்.

நான்காவது சனிக்கிழமை: பிள்ளை சொல்வது

இரண்டு யோசனை சொல்லி ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடுங்கள். மழைக்காலமாக இருந்தால் கேரம். போர்டு எங்காவது ஒரு மூலையில் சாத்தி வைத்திருப்பார்கள், தூசி தட்டிப் பவுடர் தூவினால் போதும். வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கம் வென்றதைச் சொல்லுங்கள். எந்தச் சொற்பொழிவும் இல்லாமல், ஸ்ட்ரைக்கரைக் குறி வைத்துக்கொண்டே சொன்னால் நன்றாக இறங்கும்.

வானம் தெளிந்திருந்தால் எழும்பூர் அருங்காட்சியகம். 1851இல் தொடங்கியது, வெள்ளிக்கிழமை விடுமுறை. எல்லாக் கூடத்தையும் சுற்றிக் காட்ட ஆசைப்படாதீர்கள், பிள்ளைக்குக் கால் வலிதான் மிஞ்சும். ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அதன் முன் உட்கார்ந்து இருவரும் வரையுங்கள். பல்லாவரத்தில் 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்த கதையை நான் அங்கேதான் சொன்னேன். நம் விமான நிலையத்துக்குப் பக்கத்திலா என்று இரண்டு முறை கேட்டான். திரும்பும்போது அவன் கால்சட்டைப் பையில் நான்கு கருங்கல் சில்லுகள் இருந்தன.

நோட்டு

ஒவ்வொரு வாரமும் கடைசிப் பத்து நிமிடம் நோட்டுக்கு. தேதி, செய்தது, யார் ஜெயித்தது என்று அவனே எழுதுவான். அதன் அடியில் அடுத்த சனிக்கிழமையின் தேதியை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

வர முடியாத வாரம் வரத்தான் செய்யும். ஒருமுறை காய்ச்சலில் படுத்துவிட்டேன், இல்லத்துக்குச் சொல்லவும் இல்லை. அந்த வாரத் தேதிக்கு நேரே அவன் வெறும் கோடு ஒன்று போட்டு வைத்திருந்தான். இப்போது இல்லத்தின் எண்ணை நோட்டின் அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். வர முடியாது என்றால் முந்தின நாளே கூப்பிட்டுப் பிள்ளையிடமே பேசி, எந்தத் தேதிக்கு வருகிறேன் என்று சொல்லி, நான் தொலைபேசியில் இருக்கும்போதே அதை அவன் எழுதும்வரை காத்திருக்கிறேன்.