ஜிம் சைமன்ஸ் கதையைப் படித்துவிட்டுச் செய்யக்கூடாதவை

சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் கணக்கில் ஏறியிருக்கும் நேரம். அப்போது ஜிம் சைமன்ஸ் கதையைப் படித்தால் மன்னார்குடியில் இருந்தாலும் கை பரபரக்கத்தான் செய்யும். அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் அவர். 1978-ல், நாற்பது வயதில், கல்லூரியை விட்டு வந்தார். 1988-ல் அவர் தொடங்கிய மெடாலியன் என்ற ஹெட்ஜ் ஃபண்ட் (பணக்காரர்களிடம் பணம் திரட்டிச் சந்தையில் வர்த்தகம் செய்யும் நிதி), 2018 வரை ஆண்டுக்குச் சராசரியாக 66 சதவீதம் ஈட்டியதாகச் சொல்கிறார்கள்.

அந்த 66-ஐ நமக்கும் கிடைக்கிற வட்டி மாதிரி நினைப்பதுதான் முதல் தவறு. கட்டணம் போக அது 39 தான். பிற்காலத்தில் அந்த ஃபண்ட் எடுத்த கட்டணம், போட்ட பணத்தில் 5 சதவீதம், லாபத்தில் 44 சதவீதம். முதலில் சொன்ன 5 சதவீதம் குத்தகை நெல் போல: விளைந்தாலும் சாவியாகப் போனாலும் அளந்தாக வேண்டும். ஹெட்ஜ் ஃபண்ட் நடத்துகிறவர் பணக்காரர் ஆவதில் இந்த வரும்படிக்குப் பெரிய பங்கு உண்டு. வீட்டில் உட்கார்ந்து சொந்தப் பணத்தில் வர்த்தகம் செய்கிறவருக்கு அது ஏது? தவிர, வெளியார் பணத்தை மெடாலியன் 2005 வாக்கிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டது. கோடீஸ்வரரே போனாலும் இடமில்லை.

இதைவிட மோசமானது, நகையை அடகு வைத்து எஃப் அண்ட் ஓ-வில், அதாவது பங்கின் வருங்கால விலையை வைத்துச் சிறு பணத்தில் பெரிய தொகைக்குச் செய்யும் ஒப்பந்த வர்த்தகத்தில், இறங்குவது. சைமன்ஸும் கடன் வாங்கித்தான் செய்தார். ஆனால் கம்ப்யூட்டரை வைத்து, ஆயிரக்கணக்கான சிறு வர்த்தகங்களில் பிரித்துப் போட்டார். நோபல் பரிசு பெற்ற இருவர் கூட்டாளிகளாக இருந்தும், கடன் வாங்கி வர்த்தகம் செய்த எல்.டி.சி.எம் என்ற ஹெட்ஜ் ஃபண்ட் நிறுவனமே 1998-ல் சில மாதங்களில் சுமார் 460 கோடி டாலரை இழந்தது. நம் ஊர் நிலவரத்தையும் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி கணக்கெடுத்திருக்கிறது. 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், ஆளுக்குச் சராசரியாக 2 லட்சம் ரூபாய். ஒரு போக உழைப்பு அப்படியே போய்விடும்.

அப்புறம் இந்த 'உள்தகவல்', அதாவது கம்பெனிக்கு உள்ளே இருந்து கசியும் ரகசியச் செய்தி. கொழும்பில் பிறந்த தமிழர் ராஜ் ராஜரத்தினம் நடத்திய கேலியன், பல நூறு கோடி டாலரைக் கையாண்ட ஃபண்ட். உள்தகவல் வர்த்தகத்துக்காக 2011-ல் அவருக்கு 11 ஆண்டு சிறைத்தண்டனை. டெலிகிராமில் நமக்கு வருவது பெரும்பாலும் உள்தகவலே இல்லை, யாரோ விற்றுவிட்டு வெளியேறக் கிளப்பிவிட்ட புரளி.

கடைசியாக, 'நானே ஹெட்ஜ் ஃபண்ட் நடத்துகிறேன், 2 லட்சம் கொடு' என்று வருகிறவர். இந்தியாவில் ஹெட்ஜ் ஃபண்டுகள் செபியின் மாற்று முதலீட்டு நிதிகளில் மூன்றாம் வகையில் வரும். வெளியார் சேரப் பொதுவாகக் குறைந்தது 1 கோடி ரூபாய் வேண்டும். மாமன் மச்சானாகவே இருந்தாலும் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, செபி இணையதளத்தில் இருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எண் சொல்ல இழுத்தடித்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.