சைக்கோ படத்தின் கடைசிக் காட்சியில் மண்டையோட்டைப் பிடிப்பது எப்படி?

ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் 1960இல் எடுத்த 'சைக்கோ' படத்தின் முடிவில், விடுதி நடத்தும் கொலைகாரன் நார்மனின் முகத்துக்குள், செத்துப்போன அவன் அம்மாவின் மண்டையோடு தெரியும் என்று படித்திருந்தேன். அதைப் பிடிக்க எனக்கு மூன்று ராத்திரி ஆனது. பழைய திகில் படங்களில் இப்படி ஒளிந்திருப்பவை உங்களுக்குத் தட்டுப்படவில்லை என்றால் கண்ணில் குறை எதுவும் இல்லை, பார்க்கும் முறைதான் மாற வேண்டும். எனக்குப் பிடிபட்ட முறையை அப்படியே எழுதுகிறேன். கதை முழுக்க வெளியே வந்துவிடும், அதனால் படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

படி 1: திரையைச் சரிசெய்வது

டிவியை விட லேப்டாப்தான் நல்லது. டிவிதான் இருக்கிறது என்றால் 'விவிட்', 'டைனமிக்' மாதிரியான மோடுகளை அணைத்துவிடுங்கள். அசைவை வழுவழுப்பாக்கும் வசதியையும் அணைக்க வேண்டும், அது ஃபிரேம்களுக்கு நடுவே தானாகப் படம் செய்து நுழைத்துவிடும். கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பகல் வெளிச்சம் ஆகாது. எங்கள் கும்பகோணத்து வீட்டில் முற்றத்து வெளிச்சம் கூடம் வரை வரும். ராத்திரி விளக்கை அணைத்த பிறகுதான் நிழலுக்குள் இருப்பவை தெரிய ஆரம்பித்தன.

பிளேயர் என்றால் எனக்கு விஎல்சி மட்டும்தான். கீபோர்டில் ஆங்கில 'E' விசையைத் தட்டினால் படம் நின்று, ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு ஃபிரேம் நகரும். வினாடிக்கு 24 ஃபிரேம் என்பதால் இது இல்லாமல் வேலை நடக்காது.

படி 2: சத்தத்தை நிறுத்துவது

முதல் தடவை சாதாரணமாகப் பாருங்கள். இரண்டாம் தடவை மியூட். குளியலறைக் கொலைக் காட்சியில் இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மனின் வயலின்கள் நம்மை அந்தக் கத்தியை விட்டு நகர விடாது. சத்தம் போனதும் கண் தானாகச் சுவருக்கும் மேஜைக்கும் போகும்.

இந்தத் தடவை ஒரே ஒரு பொருளைத்தான் தேட வேண்டும். நான் பறவைகளை எடுத்துக்கொண்டேன். விடுதியில் கொலையாகும் மேரியனின் குடும்பப் பெயர் கிரேன், அதாவது கொக்கு. நார்மனின் அறையில் பாடம் செய்த பறவைகள் இருக்கின்றன, சிறகை விரித்த ஆந்தை ஒன்று மேலிருந்து பார்க்கிறது. "பறவை மாதிரி கொஞ்சமாகச் சாப்பிடுகிறீர்கள்" என்று அவளிடம் அவனே சொல்கிறான். கொலை நடந்த பிறகு குளியலறையைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கும்போது, அவன் இடித்துச் சுவரிலிருந்து ஒரு படம் விழுகிறது. அதுவும் பறவைப் படம்.

படி 3: நோட்டில் கோடு போடுவது

பக்கத்தின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். வலப்பக்கம், அதன் பொருள் என்ன என்பதை மறுநாள் எழுதுங்கள். முதலில் நான் "பறவை என்றால் மரணம்" என்று எழுதிவிட்டேன். பிறகு இடப்பக்கத்தைத் திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது. செத்த பறவையைப் பஞ்சடைத்து, உயிரோடு இருப்பதுபோல உட்காரவைப்பது நார்மனின் பொழுதுபோக்கு. அம்மாவையும் அவன் அப்படித்தான் வைத்திருக்கிறான். மரணத்தை ஒப்புக்கொள்ள மறுக்கிற மனம் அது.

ஒரு விஷயம் மூன்று தடவையாவது வந்தால்தான் நான் அதை இயக்குநரின் கணக்கில் சேர்ப்பேன். ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்' (1980) படத்தில் கதாநாயகன் ஜாக்கின் பின்னால் இருந்த நாற்காலி அடுத்த ஷாட்டில் காணாமல் போகும். அது படப்பிடிப்புத் தவறாகவும் இருக்கலாம். ஆனால் ஜாக் ஆவிகளைப் பார்க்கும் இடங்களைக் கவனியுங்கள். மதுக்கூடம், சிவப்புக் கழிவறை, 237ஆம் அறையின் குளியலறை என்று எல்லா இடத்திலும் கண்ணாடி இருக்கிறது. பூட்டிய சரக்கறையில் கண்ணாடி இல்லை, அங்கே குரல் மட்டும்தான் கேட்கிறது. இதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

படி 4: பாதியை மறைப்பது

என்னை மூன்று ராத்திரி தவிக்கவிட்டது இதுதான். கம்பளி போர்த்திய நார்மன் வெற்றுச் சுவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். கையில் ஈ. ஒரு ஈக்குக்கூடத் தீங்கு செய்யாதவள் என்று அம்மாவின் குரல் கேட்கிறது. அவன் மெல்ல நிமிர்ந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கிறான். ஃபிரேம் ஃபிரேமாகத் தட்டினேன், ஒன்றும் தெரியவில்லை. காரணம், அந்தக் கண்கள் நம்மை விடுவதில்லை. மண்டையோடு வருவதோ வாயில்.

வழி காட்டியது தாராசுரம். ஐராவதேசுவரர் கோயிலில் யானைக்கும் காளைக்கும் ஒரே தலையாகச் செதுக்கிய சிற்பம் இருக்கிறதல்லவா? ஊரிலிருந்து வந்த உறவுக்காரப் பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டிப்போனேன். யானை உடம்பைக் கையால் மறைத்துக் காளையைக் காட்டினேன், அப்புறம் காளையை மறைத்து யானையைக் காட்டினேன். சின்னவள் "ஐ!" என்று கத்தினாள். அன்று ராத்திரி அதே கையைத் திரையில் வைத்து நார்மனின் கண்களை மறைத்தேன்.

வாய் மட்டும் மிச்சம். இரண்டு, மூன்று ஃபிரேம் தட்டினேன். உதட்டின்மேல் பல்வரிசை ஏறி வந்தது. நிலவறையில் மேரியனின் சகோதரி லீலா பார்த்த, நார்மனின் அம்மாவின் அந்தக் காய்ந்த முகத்தின் பற்கள். கையை எடுத்தேன், முகம் முழுக்க மண்டையோடு. அதற்குள் சங்கிலி ஒன்று அவன் உருவத்தின்மேலேயே வந்து, சதுப்பு நிலத்திலிருந்து மேரியனின் காரை இழுக்கிறது. தலை ஒன்று, உடம்பு இரண்டு. நார்மனுக்குள் அவன் அம்மாவும் வாழ்கிறாள் என்று மனநல மருத்துவர் அத்தனை நேரம் பேசி விளக்கியதை ஹிட்ச்காக் இந்தச் சில ஃபிரேமில் காட்டிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

பிற்சேர்க்கை

போனில் பார்ப்பவர்கள் சிலர், "கையை வைத்ததும் படம் எங்கேயோ ஓடிவிடுகிறது" என்று எழுதியிருந்தார்கள். தொடுதிரை என்பதை நான் யோசிக்கவில்லை, மன்னிக்கவும். பிளேயரில் திரைப் பூட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திரையில் படாமல் ஒரு விரல் இடைவெளியில் பிடியுங்கள். திரை நிறையும்படி ஜூம் செய்து பார்க்கவும் வேண்டாம், ஓரத்தில் இருப்பவை வெட்டுப்பட்டுவிடும்.

இன்னொருவர், வேறு எந்தக் காட்சியில் பழகலாம் என்று கேட்டிருந்தார். மேரியனை எட்டிப் பார்க்க நார்மன் சுவரிலிருந்து ஒரு ஓவியத்தைக் கழற்றுவான். ஓட்டையைக் கையால் மறைத்துவிட்டு ஓவியத்தை மட்டும் பாருங்கள். குளிக்கப் போன சூசன்னாவைக் கிழவர்கள் இருவர் வளைத்துக்கொள்ளும் பைபிள் காட்சி அது.