ஆடிக்கிட்டே பாடுனா மூச்சு போகுதே, நான் செஞ்சது
மியூசிக்கல் டிராமா, மேடையேற 5 நாள்தான் இருக்கு, ஆடிட்டு சரணத்துக்கு வந்தா எனக்கு மூச்சே இல்ல, கடைசி வார்த்தை வெறும் காத்தாத்தான் வரும். உக்காந்து பாடுனா சூப்பரா வருது, அதான் கடுப்பு.

சுருதிய, அதான் பாடுற உயரத்த, 1½ கட்டையிலருந்து 1 கட்டைக்கு இறக்கச் சொன்னேன், கீபோர்டுல ஒரு பட்டன்தான், ஆனா டைரக்டர் மூஞ்சி போன போக்க பாக்கணும். பாதிதான் சரியாச்சு. அப்புறம் ஸ்கிரிப்ட்ல மூச்சு எடுக்குற இடத்துல எல்லாம் பென்சில்ல கோடு போட்டு, மொட்டை மாடில ஸ்கிப்பிங் ஆடிக்கிட்டே அந்த சரணத்த மட்டும் தினம் 20 தடவை பாடுனேன், பக்கத்து வீட்டு பாட்டி எனக்குப் பேய் புடிச்சிருச்சுன்னே நெனச்சிருக்கும். டான்ஸ் மாஸ்டரும் சரணத்துக்கு முன்னாடி சுத்துற ஸ்டெப்ப வெறும் நடையா மாத்திக் குடுத்தாரு, அந்த 4 எண்ணிக்கைல வயிறு வரைக்கும் மூச்சு நிரம்பிடும்.

டிரெஸ் ரிகர்சல்ல கடைசி வார்த்தை பின்வரிசை வரைக்கும் கேட்டுச்சு, மைக்தான் வேர்வைல செத்துப்போச்சு.