இண்டிகேட்டரிலிருந்து தொடங்குங்கள்: மனக்காயத்தைக் கதையாக எழுதுவது எப்படி

பத்து வருடமாக மெய்ப்புப் பார்க்கிறேன். அடுத்தவர் எழுத்தில் விட்டுப்போன ஒற்றையும் மாறிப்போன விகுதியையும் பிடிப்பதுதான் பிழைப்பு. அப்படிப்பட்ட நான், என் சொந்தக் கதையில் இருந்த ஒரு பிழையை ஏழாவது வரைவு வரை பார்க்கவே இல்லை. கதை முழுக்க இறந்த காலத்தில் போகிறது: கிளம்பினோம், மழை விட்டிருந்தது, அக்கா பாட்டை மாற்றினாள். விபத்து வருகிற பத்தி மட்டும் 'கண்ணாடி உடைகிறது, நான் கத்துகிறேன்' என்று நிகழ்காலத்துக்குத் தாவியிருந்தது. சிவப்புப் பேனாவால் சுழித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அது பிழை இல்லை. பன்னிரண்டு வருடம் கழித்தும் எனக்கு அந்தப் பத்தி நடந்துகொண்டேதான் இருந்தது.

நான் இங்கே சொல்லப்போவதெல்லாம் அந்த ஒரு பத்தியோடு மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்டதுதான்.

எழுத உட்காருவதற்கு முன்னால் ஒரு விஷயம். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980களில் கல்லூரி மாணவர்களை, தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை மிகவும் பாதித்த சம்பவத்தைப் பற்றி எழுதச் சொன்னார். எழுதிவிட்டு எழுந்தபோது அவர்கள் மனநிலை முன்பைவிட மோசமாகத்தான் இருந்தது. ஆனால் நடந்ததையும் அப்போது பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த சில மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்திருந்தது. பிறகு 2006இல் இதே மாதிரியான 146 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள்: பலன் உண்டு, ஆனால் சின்னது. ஆகவே எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எழுதிய அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை என்றால் பயப்படவும் வேண்டாம். தாங்க முடியவில்லை என்று தோன்றினால் நிறுத்திவிடுங்கள் என்பது பென்னிபேக்கரே சொல்கிற விதி. நாள் கணக்கில் தூக்கம் இல்லை, உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்றால் நோட்டை மூடிவிட்டு மனநல மருத்துவரிடம் போங்கள். கதை எங்கும் ஓடிப்போகாது.

மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் வெளியிட்ட நூலில் மீட்சிக்கு ஒரு வரிசை சொல்கிறார்: முதலில் பாதுகாப்பு, அப்புறம் நினைவுகூர்தலும் துக்கமும், அதன் பிறகு மனிதர்களோடு மறுபடி சேர்வது. எழுதுவது இரண்டாவதில் வருகிறது. காயப்படுத்தியவர் இன்னும் அதே வீட்டில் இருக்கிறார் என்றால், உங்களுக்கு இப்போது தேவை நல்ல முதல் வரி இல்லை, வெளியே போக ஒரு வழி.

சரி, எங்கே தொடங்குவது? சம்பவத்தில் தொடங்காதீர்கள். என் முதல் வரைவின் முதல் வரி இது: 'அந்தப் பயங்கரமான இரவு எங்கள் வாழ்க்கையையே புரட்டிப் போட்டது.' இதைப் படிக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. எழுதிய எனக்கும் ஒன்றும் வலிக்கவில்லை. வலிக்காமல் இருப்பதற்காகத்தான் அப்படி எழுதியிருக்கிறேன். 'பயங்கரமான' என்ற சொல் ஒரு மூடி.

சம்பவத்தின் ஓரத்தில் கிடக்கிற ஒரு பொருளை எடுங்கள். இரவில் தூக்கம் கலையும்போது முதலில் வந்து நிற்பது எதுவோ அது. எனக்கு அது இண்டிகேட்டர். வண்டி நின்றுவிட்டது, என்ஜின் அணைந்துவிட்டது, அக்காவிடம் பேச்சில்லை, இண்டிகேட்டர் மட்டும் டிக், டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு டிக்குக்கும் பக்கத்துப் புதர் மஞ்சளாகி அணைந்தது. அந்த ஓசையை எண்ணினேன். நாற்பத்தொன்று வரை எண்ணினது நினைவிருக்கிறது. நான்காவது வரைவில் இதை மட்டும் அரைப் பக்கம் எழுதினேன். விபத்து என்ற சொல்லே அதில் இல்லை. கை நடுங்கியது. அப்போதுதான் சரியான இடத்துக்கு வந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

அடுத்தது தன்மையைப் படர்க்கையாக்குவது, அதாவது 'நான்' என்பதை 'அவள்' என்று மாற்றுவது. எல்லாரும் சொல்கிற யோசனைதான், ஆனால் தமிழில் இது லேசான வேலை இல்லை. கணினியில் தேடி மாற்றினால் 'நான்' மாறும், வினைமுற்று மாறாது. வந்தேன் வந்தாள் ஆகவேண்டும், சிரித்தேன் சிரித்தாள் ஆகவேண்டும்; ஒவ்வொன்றையும் கையால் திருத்தவேண்டும். எரிச்சலான வேலை. ஆனால் அதில்தான் விஷயமே இருக்கிறது, ஒவ்வொரு வினையிலும் ஒரு நொடி நின்றாகவேண்டும் பாருங்கள்.

அப்படித் திருத்திக்கொண்டு வரும்போது 'கூப்பிட்டேன்' என்ற சொல்லில் முட்டிக்கொண்டேன். நான் யாரிடமும் சொல்லாதது அது. பின்சீட்டிலிருந்து அக்காவைக் கூப்பிட்டேன், அவள் திரும்பிப் பார்த்தாள், அதனால்தான் எல்லாம். பன்னிரண்டு வருடமும் வெளியே நான் சொல்லிவந்தது 'விபத்து நடந்துவிட்டது' என்றுதான். நடந்துவிட்டது என்பது எவ்வளவு வசதியான வினை! செய்தவர் யார் என்று கேட்கவே கேட்காது. உங்கள் வரைவிலும் இப்படி ஆளில்லாத வினைகளைத் தேடி அடிக்கோடு போடுங்கள். நேர்ந்தது, ஆகிவிட்டது, போய்விட்டது. ஒன்றின் கீழாவது யாராவது ஒளிந்திருப்பார்கள். நீங்களாகவே இருக்கலாம்.

'கூப்பிட்டேன்' என்பதை 'கூப்பிட்டாள்' என்று மாற்றினேன். கூப்பிட்டேன் என்று இருந்தவரை அது ஒப்புதல் வாக்குமூலம். கூப்பிட்டாள் என்றதும், பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி தன் அக்காவைக் கூப்பிட்டாள். அவ்வளவுதான் இருந்தது அந்த வரியில். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

அதற்கடுத்த வரியை எழுதப்போனால் இன்னொரு சிக்கல். அக்கா எந்தப் பக்கமாகத் திரும்பினாள்? புனைவு இப்படித்தான், தோள் எது, கை எங்கே இருந்தது என்று குடைந்துகொண்டே இருக்கும். யோசித்து யோசித்துப் பார்த்தேன், எனக்கு அப்படி ஒரு காட்சியே இல்லை. அவள் திரும்பியதை நான் பார்த்த நினைவே கிடையாது. இத்தனை வருடம் சத்தியமாக நம்பியதற்கு என் கையில் ஒரு படம்கூட இல்லை. குற்றமில்லை என்று இதை வைத்துத் தீர்ப்பு எழுதலாமா? வேண்டாம். கதையில் அந்த இடத்தை வெற்றிடமாகவே விட்டேன்: 'கூப்பிட்டாள். அதற்குப் பிறகு மஞ்சள் வெளிச்சம்.' தெரியாததைக் கற்பனையால் நிரப்பக் கதையில் உங்களுக்கு உரிமை உண்டுதான். ஆனால் உங்களைத் தண்டிக்கவோ விடுவிக்கவோ அந்த உரிமையைப் பயன்படுத்தினால் கதை படுத்துவிடும்.

வரிசையைப் பற்றிக் கொஞ்சம். நடந்த வரிசையில்தான் சொல்லவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அமெரிக்க எழுத்தாளர் கர்ட் வானகட் 1945 பிப்ரவரியில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது அங்கே போர்க்கைதியாக இருந்தவர். அதை எழுதிய நாவல் 1969இல்தான் வந்தது. அதன் முதல் அத்தியாயமே இதை எழுத முடியாமல் திண்டாடிய கதை. நாயகனோ காலத்தில் முன்னும் பின்னுமாக வழுக்கிக்கொண்டே இருக்கிறான். காயம்பட்ட நினைவு வேலை செய்கிற விதமும் அதுதானே. என் கதையில் நிகழ்காலத்துக்குத் தாவிய அந்தப் பத்தியைக் கடைசியில் திருத்தாமல் விட்டேன். அதற்கடுத்த பத்தியை மட்டும் கவனமாக இறந்த காலத்துக்குக் கொண்டுவந்தேன். திரும்பி வருகிற இடம் தெரிந்தால் போதும், வாசகர் கூடவே வந்துவிடுவார்.

ஆறுதலைக் காட்டுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கட்டிப்பிடித்து அழுகிற காட்சி, கடற்கரை, சூரிய உதயம். எல்லாவற்றையும் வெட்டுங்கள். அதற்குப் பதில் பாத்திரம் முன்பு செய்யமுடியாத ஒரு சின்னக் காரியத்தைச் செய்யட்டும், யாரும் கவனிக்காமல். என் கதையில் அவள் ஒரு நாள் முன்சீட்டில் ஏறி உட்காருகிறாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃப் பதின்மூன்று வயதில் தாயை இழந்தவர். நாற்பதுகளில் அந்தத் தாயை ஒரு நாவலாக எழுதி முடித்த பிறகு தாயின் குரல் தனக்குக் கேட்பது நின்றுவிட்டது என்று நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். எனக்கு அப்படி ஆகவில்லை. ஆகவும் வேண்டாம், அக்கா பேசினால் பேசட்டும்.

யாரிடம் காட்டுவது என்பதை எழுதும்போது யோசிக்காதீர்கள், வெளியிடும் முன் கட்டாயம் யோசியுங்கள். அந்தக் காயம் உங்களுடையது மட்டும் இல்லை. பெயரையும் ஊரையும் மாற்றினாலும் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். நான் அம்மாவிடம் தாளாகக் கொடுத்தேன். இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் தாள்களைத் திருப்பிக் கொடுத்தபோது, "அவ வண்டிய ஓரங்கட்டத்தான் போயிருக்கா" என்றாள்.

புரியவில்லை என்றேன்.

"இண்டிகேட்டர் போட்டிருந்துச்சுன்னு எழுதியிருக்கியே. சும்மா போடமாட்டா அவ."

நாற்பத்தொன்று வரை எண்ணியவள் நான். அது ஏன் எரிந்தது என்று ஒரு நாளும் கேட்டுப் பார்த்ததில்லை. நான் கூப்பிட்டதற்காக ஓரங்கட்டினாளா, வேறு எதற்காகவா, தெரியாது. எட்டாவது வரைவில் அம்மா சொன்னதை அப்படியே சேர்த்தேன், ஒரு ஒற்றுகூடத் திருத்தாமல்.