ஊருக்குப் போகும்போது பிள்ளையின் கார் சீற்றும் வரட்டும்

ஈடிஏ (இலங்கைக்குப் போக ஒன்லைனில் எடுக்கிற அனுமதி) எடுத்தாச்சா, ஊசி போட்டாச்சா, சூட்கேஸ் எத்தனை கிலோ என்று ஒரு மாதத்துக்கு முன்பே கணக்குப் பார்க்கிற நாங்கள், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கினதிலிருந்து யாழ்ப்பாணம் போய்ச் சேரும் மட்டும் பிள்ளை எதில் இருந்து வரப் போகிறது என்று யோசிப்பதில்லை. கேட்டால் "மடியில வச்சிருக்கலாம்தானே" என்பார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன். அதாவது, போக நினைக்கவில்லை, போக வேண்டியதாகிவிட்டது.

அப்போது மகளுக்கு 14 மாதம். ரொறன்ரோவிலிருந்து பன்னிரண்டு கிலோ நிறையுள்ள பெரிய கன்வேர்ட்டிபிள் சீற்றை இழுத்துக்கொண்டுதான் போனேன். கன்வேர்ட்டிபிள் என்றால் தெரியும்தானே, சின்ன வயதில் பிள்ளையின் முகம் வாகனத்தின் பின்பக்கம் பார்க்கிற மாதிரியும், வளர்ந்த பிறகு முன்பக்கம் பார்க்கிற மாதிரியும் பூட்டக்கூடியது. விமான நிலையத்துக்கு வெளியே ஹையேஸ் வான் நின்றது. இரவு இரண்டு மணி. பின் சீற் முழுவதும் ரெக்சின் கவர் போட்டு இழுத்துத் தைத்திருக்கிறார்கள், பெல்ட் தொங்குகிறது, அதைக் கொளுவுகிற பக்கிள் எங்கே என்று தெரியவில்லை. வீட்டுக் காரில் நான் எப்போதும் சீற்றின் இரண்டு கொழுக்கியைக் காரில் இருக்கிற கம்பியில் 'டிக், டிக்' என்று கொளுவித்தான் பழக்கம், பெல்ட்டால் கட்டத் தெரியாது. கால் மணித்தியாலம் மல்லுக்கட்டிவிட்டுச் சீற்றைப் பெட்டிகளோடு பின்னால் போட்டோம். வவுனியா தாண்டி மாங்குளத்துக்குக் கிட்ட மாடு ஒன்று ஏறி வந்தது, சாரதி அண்ணை பிறேக் அடித்தார், மகளின் வாய் முன் சீற்றின் முதுகில் போய் இடித்தது. உதடு வெடித்து இரத்தம், அவ்வளவுதான். எங்களுக்கு அது மலிவாகக் கிடைத்த பாடம்.

மடியில் இறுக்கிப் பிடித்திருந்தால் காணாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வாகனம் எதிலாவது மோதி நிற்கிற கணத்தில் 10 கிலோப் பிள்ளையைப் பிடித்து வைக்க 200, 300 கிலோவைத் தூக்குகிற பலம் வேண்டும். எந்தத் தாய்க்கும் அது கிடையாது, பாசத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை.

பின்நோக்கி இருப்பது ஏன் என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் இதைக் குறைந்தது பத்துப் பேருக்கு நீங்கள் விளங்கப்படுத்த வேண்டிவரும். சின்னப் பிள்ளைக்கு உடம்போடு பார்த்தால் தலை பெரிது, கழுத்தெலும்பு இன்னும் முழுதாக முற்றவில்லை. முன்னால் பார்த்து இருந்தால் மோதும்போது வார் உடம்பைப் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னுக்குப் பாயும், அந்த இழுவை முழுக்கக் கழுத்தில். பின்னால் பார்த்து இருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீற்றின் ஓடு (கெட்டியான பிளாஸ்டிக் உடல்) ஒன்றாகத் தாங்கிக்கொள்ளும். ஒன்ராறியோச் சட்டம் 9 கிலோ வரைக்கும்தான் பின்நோக்கி என்று கட்டாயப்படுத்துகிறது. ஐரோப்பாவின் புதிய விதி (ஐ-சைஸ்) 15 மாதம் வரை என்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2018-இல் வயதுக் கணக்கையே விட்டுவிட்டு, சீற் இடம் கொடுக்கும் மட்டும் பின்நோக்கியே வையுங்கள் என்றது. சுவீடனில் நாலு வயது மட்டும் அப்படித்தான் கொண்டு திரிகிறார்கள். பெரும்பாலான வட அமெரிக்கச் சீற்றுகள் பின்நோக்கி 18 கிலோ வரை தாங்கும், சில இன்னும் கூட. பிள்ளையின் உச்சந்தலை சீற்றின் மேல் விளிம்புக்கு ஒரு அங்குலம் கீழே இருக்கிற வரைக்கும் உயரம் பிரச்சினை இல்லை.

"ஐயோ பாவம், பிள்ளைக்குக் கால் மடங்குது" என்று அம்மம்மா கட்டாயம் சொல்லுவா. பிள்ளைகள் தரையில் இருக்கும்போதும் சப்பாணி கட்டித்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது நோகாது.

எங்கள் ஊர்ப் பயணத்தில் பின்நோக்கி வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை நான் இரண்டாம் தடவைதான் கண்டுபிடித்தேன். முன்நோக்கிப் பூட்டினால் சீற்றின் தலைப்பக்கத்து வாரை வாகனத்தில் ஒரு வளையத்தில் கொளுவ வேண்டும், கனடாவில் அது கட்டாயம். இலங்கையில் ஓடுகிற பழைய ஜப்பான் வான்களிலும் கார்களிலும் பலவற்றில் அந்த வளையமே இல்லை. பின்நோக்கிப் பூட்டினால் பெரும்பாலான வட அமெரிக்கச் சீற்றுகளுக்கு அந்த வார் தேவையில்லை, பெல்ட் ஒன்று போதும், இடுப்புக்கு மட்டும் வருகிற பழைய பெல்ட் என்றாலும் சரி. ஆகவே இரண்டு வயதுப் பிள்ளையை வீட்டில் முன்நோக்கித் திருப்பிவிட்டீர்கள் என்றாலும், நிறை, உயரம் இடம் கொடுத்தால் ஊரில் திருப்பிப் பின்நோக்கியே பூட்டுங்கள்.

இலண்டன், பாரிஸ் பக்கமிருந்து போகிறவர்களுக்கு இது அப்படியே பொருந்தாது. உங்கள் சீற் ஐசோஃபிக்ஸ் கம்பியில் (பெல்ட்டுக்குப் பதிலாகச் சீற்றைக் கொளுவ வாகனத்திலேயே இருக்கிற கம்பி) மட்டும் பூட்டுகிற வகையாக இருந்தால் அந்தக் கம்பி இல்லாத வாகனத்தில் அது வெறும் சுமைதான். 2012-க்குப் பின் வந்த ஜப்பான் கார்களில் பெரும்பாலும் கம்பி இருக்கும். ஆனால் 2020-இலிருந்து 2025 தொடக்கம் வரை இலங்கையில் தனியார் வாகன இறக்குமதி நின்று கிடந்ததால் வீதியில் பழசுகள்தான் அதிகம், வாடகை வான் எந்த ஆண்டு என்று யாருக்குத் தெரியும். பெல்ட்டாலும் பூட்டலாம் என்று மானுவலில் எழுதியிருக்கிற சீற்றாகப் பார்த்துக் கொண்டு போங்கள். அதற்கு மூன்று முனைப் பெல்ட் வேண்டியிருக்கும், இடுப்புப் பெல்ட்டில் பூட்டாதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கனடா, அமெரிக்கக் கார்களில் பின் சீற் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்து மெதுவாக விட்டால் 'கிறுக் கிறுக்' என்று உள்ளே போய் லொக்காகும், பிறகு வெளியே வராது. அதனால்தான் கார் சீற் ஆடாமல் நிற்கிறது. ஊரில் பல வாகனங்களில் அந்த லொக் கிடையாது, சடுதியாக இழுத்தால் மட்டும்தான் பிடிக்கும். அப்படியான பெல்ட்டில் சீற்றைக் கட்டினால் முதல் வளைவிலேயே தளர்ந்து சரியும். இதற்கு இரண்டு வழி. சீற்றிலேயே பெல்ட்டை நெரித்துப் பிடிக்கிற லொக் இருக்கிற மொடல் வாங்குவது நல்லது. அது இல்லையென்றால் லொக்கிங் கிளிப் என்று ஆங்கில எச் எழுத்து வடிவத்தில் ஒரு சின்ன இரும்புக் கிளிப் இருக்கிறது, சில சீற்றுகளோடு வரும், வராவிட்டால் கம்பனியிடம் கேட்டு வாங்கலாம். பெல்ட்டைக் கொளுவி, முழங்காலைச் சீற்றில் ஊன்றி இறுக்கி, இடுப்புப் பட்டியையும் தோள் பட்டியையும் பக்கிளுக்குள் போகிற நாக்குக்குக் கிட்டே சேர்த்துப் பிடித்துக்கொண்டு கழற்றி, நாக்கிலிருந்து ஒரு அங்குலத்துக்குள் இரண்டு பட்டியையும் கிளிப்பில் கோர்த்து, திரும்பக் கொளுவ வேண்டும். வாசிக்க ஒன்றும் விளங்காது, உங்கள் காரில் நாலு தரம் செய்து பார்த்தால் விளங்கும். வீட்டிலேயே பழகுங்கள், காரின் லொக்கைப் பாவிக்காமல். இரவு இரண்டு மணிக்கு, அழுகிற பிள்ளையோடு, டோர்ச் வெளிச்சத்தில் பழகுகிற வேலை இல்லை இது.

இன்னொன்று, சீற்றில் பெல்ட் போகிற பாதை இரண்டு இருக்கும், ஒன்று பின்நோக்கி வைக்க, மற்றது முன்நோக்கி வைக்க. பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், அவசரத்தில் மாறிப் போட்டுவிடுவோம். பூட்டின பிறகு பெல்ட் போகிற இடத்தில் பிடித்து ஆட்டிப் பார்த்தால் ஒரு அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. மேல் விளிம்பைப் பிடித்து ஆட்டாதீர்கள், பின்நோக்கிய சீற் அங்கே கொஞ்சம் ஆடத்தான் செய்யும். சாய்வு காட்டுகிற கோடு பக்கத்தில் இருக்கும், வாகனத்தைச் சமனான இடத்தில் நிற்பாட்டிப் பாருங்கள். ஊர்க் கார்களின் சீற் பள்ளமாக இருந்தால் துவாயை இறுக்கிச் சுருட்டி அடியில் வைக்கலாம், மானுவல் விட்டால். நான் மாமாவின் சாரத்தைச் சுருட்டி வைத்தேன். அவர் பயணம் முழுக்க அதைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தார்.

பிள்ளையின் வார் பின்நோக்கி இருக்கும்போது தோள்மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே இருந்து வர வேண்டும். தோளில் பட்டியைக் கிள்ளிப் பார்த்தால் மடிப்பு அகப்படக் கூடாது. நெஞ்சுக் கிளிப் கமக்கட்டு மட்டத்தில்.

சாரதியிடம் முன்கூட்டியே கதையுங்கள். "சீற் பெல்ட் இருக்கோ அண்ணை?" என்று கேட்டால் எல்லாரும் "ஓம், இருக்கு" என்றுதான் சொல்லுவார்கள். பின் சீற்றின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், பெல்ட் நாக்கும் பக்கிளும் இரண்டும் தெரிய வேண்டும். சீற் கவருக்குக் கீழே புதைந்திருந்தால் வருவதற்கு முன் வெளியே எடுத்து வைக்கச் சொன்னால் செய்வார்கள், வெட்கப்படாதீர்கள். இலங்கையில் 2011-இலிருந்து முன் சீற்றில் இருப்பவர்கள் பெல்ட் போட வேண்டும், ஆகவே பின்னால் இருப்பது பலருக்கு நினைவிலேயே இல்லை. வானில் இரண்டாம் வரிசை நல்லது, கதவுப் பக்கம் மடக்கி நிமிர்த்துகிற குட்டிச் சீற் வேண்டாம். கார் என்றால் பின் சீற்றின் நடுவில் நன்றாகப் பூட்டுப்பட்டால் நடு, இல்லாவிட்டால் இடப்பக்கம், ஏனென்றால் அங்கே வாகனம் இடப்பக்கமாக ஓடுகிறது, பிள்ளையை வீதிக்கரைப் பக்கமாக இறக்கலாம். எயார்பேக் உள்ள முன் சீற்றில் பின்நோக்கிய சீற்றை ஒருபோதும் வைக்காதீர்கள், அது விரிந்தால் பிள்ளையின் தலைக்குப் பின்னால் உள்ள ஓட்டில்தான் அடிக்கும்.

எந்தச் சீற்றைக் கொண்டு போவது? வீட்டில் இருக்கிற பெரியதை விட்டுவிட்டு, நிறை குறைந்த மலிவான ஒன்றை வாங்குங்கள் என்பது என் அபிப்பிராயம். கொஸ்கோ சினேரா நெக்ஸ்ட் போன்றவை ஐந்து கிலோ அளவில்தான் வரும், பின்நோக்கி 18 கிலோ தாங்கும். அதில் லொக் இல்லை, கிளிப் வேண்டும். கொழும்பில் வாங்கிக்கொள்ளலாம் என்று போய் இறங்காதீர்கள், முதல் எட்டு மணித்தியாலம்தான் நீளமான ஓட்டம். கடையில் வாங்கினாலும் வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்துப் போட்ட செம்மஞ்சள் ஸ்டிக்கர் (ஐரோப்பியத் தர முத்திரை) இருக்கிறதா பாருங்கள், ஒன்லைனில் விற்கிற வெறும் துணி மெத்தையும் வாரும் சீற்றே இல்லை. அங்கே வாங்கியதைத் திரும்பிக் கனடாவுக்குக் கொண்டுவந்து பாவிக்கவும் முடியாது, மேப்பிள் இலை போட்ட பாதுகாப்பு முத்திரை இருந்தால்தான் இங்கே சட்டப்படி செல்லும்.

விமானத்தில் பெரும்பாலான கம்பனிகள் கார் சீற்றுக்குக் காசு எடுப்பதில்லை, ஆனாலும் கேட்டு வையுங்கள். பிள்ளைக்குத் தனி ஆசனம் வாங்கினால் உள்ளேயும் பாவிக்கலாம், விமானத்துக்கும் உகந்தது என்று ஸ்டிக்கரில் இருக்க வேண்டும். லக்கேஜில் போடுவதென்றால் வாங்கிய பெட்டியிலேயே போட்டு, இடைவெளியில் பம்பர்ஸ் (டயப்பர்) அடைத்து அனுப்புங்கள், பம்பர்ஸும் போய்ச் சேரும். வந்ததும் ஓடு வெடித்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

வழிக்கு வருவோம். இரவில் இறங்கினால் நீர்கொழும்பில் படுத்துவிட்டு விடியப் புறப்படுவது எவ்வளவோ நல்லது, உங்களுக்காக இல்லாவிட்டாலும் முதல் நாள் இரவிலிருந்து நித்திரை இல்லாத சாரதிக்காக. புத்தளம், அனுராதபுரம், மதவாச்சி என்று போய் யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியில் ஏறலாம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் நிற்பாட்டிப் பிள்ளையை வெளியே எடுங்கள், சின்னக் குழந்தை என்றால் தாடை நெஞ்சில் விழுந்து மூச்சுக்குக் கஷ்டப்படாமல் பார்க்க வேண்டும். முறிகண்டியில் எல்லா வாகனமும் எப்படியும் நிற்கும், பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், பெரியவர்களுக்குக் கச்சான் (மூன்று நாலு வயதுப் பிள்ளைக்கு ஓடுகிற வாகனத்தில் கச்சான் கொடுக்காதீர்கள், புரைக்கேறும்). வெயிலில் நிற்பாட்டினால் சீற்றை வெள்ளைத் துணியால் மூடுங்கள், பக்கிள் இரும்பு தொடையைச் சுட்டுவிடும். பின்நோக்கி இருக்கிற பிள்ளைக்கு முன்னால் இருந்து வருகிற ஏசிக் காத்து நேரே போகாது, அடிக்கடி முதுகைத் தடவிப் பார்க்க வேண்டும்.

பிள்ளை அழும். அழுதால் உடனே எல்லாரும் "தூக்குங்கோ, தூக்குங்கோ" என்பார்கள். வாகனத்தை ஓரம் கட்டிவிட்டுத் தூக்குங்கள், ஓடும்போது வேண்டாம். முதல் நாளே இதைச் சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டால் பிறகு சண்டை வராது. கூட வருகிற ஒருவருக்காவது பக்கிளைக் கழற்றக் காட்டிக் கொடுங்கள், அந்தச் சிவப்புப் பொத்தானை அமர்த்தப் பெரிய ஆளுக்கே பலம் வேண்டும், அவசரத்தில் நீங்கள் பக்கத்தில் இல்லாமல் போகலாம்.

ஓட்டோவில் இது ஒன்றும் சரிவராது. கட்டுவதற்குப் பெல்ட் இல்லை, மூடுவதற்குக் கதவு இல்லை. யாழ்ப்பாணத்துக்குள்ளே கோவிலுக்கும் கடைக்கும் போக நாங்கள் கார்தான் பிடித்தோம், ஒருநாள் மட்டும் மழையில் வேறு வழியில்லாமல் ஒழுங்கைக்குள்ளால் ஓட்டோவில் வந்தோம். சென்னை வழியாக யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கு ஏ9 தலையிடி இல்லை, ஆனால் சென்னையில் ஏறுகிற டாக்சிக்கும் சீற் வேண்டும். இந்தியாவில் 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ சீற்றோ இல்லாமல் கொண்டு போனால் 1000 ரூபா தண்டம் என்று 2019 திருத்தச் சட்டத்தில் இருக்கிறது.

இரண்டாம் தடவை கொண்டுபோன சின்னச் சீற்றைத் திரும்பும்போது தங்கச்சியின் பிள்ளைக்கு விட்டுவிட்டு வந்தேன். அடியில் பொறித்திருக்கிற முடிவுத் திகதியைக் காட்டினேன், பெரிய விபத்தில் மாட்டினால் எறிந்துவிட வேண்டும் என்றும் சொன்னேன், மானுவலையும் லொக்கிங் கிளிப்பையும் ஒரு பையில் போட்டுச் சீற்றோடே கட்டிவிட்டேன். அவ மானுவலைப் பார்க்கவில்லை. அவவின் மனுசன் பார்த்தார், இரண்டு நாள் கழித்து வட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். கிளிப் தலைகீழாக இருந்தது, ஃபோன் எடுத்துச் சொல்லிக் கொடுத்தேன்.